டொமைன் பெயரோடு நின்றுவிடாதீர்கள்: ஆர்என்ஏ பிடிக்கும் புரதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டுக்கு உள்ளூர்ப் பயிரை எடுத்தால் எனக்கு மகிழ்ச்சி. ஏற்காட்டில் விளையும் அராபிகா காப்பி நல்ல தேர்வு. ஆனால் ரிப்போர்ட்டைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: "இந்தப் புரதத்தில் ஆர்ஆர்எம் டொமைன் உள்ளது, ஆகவே இது ஆர்என்ஏவைப் பிடிக்கிறது." டொமைன் என்பது புரதத்தில் தனியாக மடிந்து நிற்கும் ஒரு பகுதி. கம்ப்யூட்டர் ஒரு டொமைன் பெயரைக் காட்டியதும் ஆய்வு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

ஆர்ஆர்எம் என்பது 80 முதல் 90 அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன மடிப்பு. நான்கு பீட்டா இழைகள் சேர்ந்து ஒரு தகடு, அதன் முதுகில் இரண்டு ஆல்ஃபா சுருள்கள். ஆர்என்ஏ பொதுவாகத் தகட்டின் முகத்தில் படிகிறது. அங்கே முதல் இழையில் ஆர்என்பி2, மூன்றாவது இழையில் ஆர்என்பி1 என்று இரண்டு குறுந்தொடர்கள் உண்டு. அவற்றில் உள்ள ஃபினைல்அலனின், டைரோசின் வளையங்கள் ஆர்என்ஏவின் எழுத்துகளான காரங்களோடு (பேஸ்) அடுக்காகப் பொருந்தி அதைப் பிடித்து வைக்கின்றன. ஆகவே டொமைன் கிடைத்ததும் அந்த வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும் அவசரம் வேண்டாம். ஒய்14 என்ற புரதத்தின் ஆர்ஆர்எம், அதே தகட்டு முகத்தால் மாகோ என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கிறது. மடிப்பு ஒன்றுதான், வேலை வேறு.

அடுத்தது, ஒரே டொமைனை வைத்துக்கொண்டு இலக்கு ஆர்என்ஏவைத் தேடுவது. ஆர்என்ஏ பிடிக்கும் இன்னொரு வகையான கேஎச் டொமைன் ஏறக்குறைய நான்கு நியூக்ளியோடைடுகளை, அதாவது நான்கு எழுத்துகளைத்தான் பிடிக்கும். குறிப்பிட்ட நான்கு எழுத்துத் தொடர் எதேச்சையாகவே 256 இடத்துக்கு ஒருமுறை வரும். அந்தத் தொடரை ஜீனோமில் தேடி "இத்தனை இலக்குகள் கிடைத்தன" என்று அட்டவணை போட்டால் அதற்குப் பொருளே இல்லை. செல்லில் குறிதவறாமை பெரும்பாலும் பல டொமைன்கள் சேர்ந்து பிடிப்பதால் வருகிறது. டொமைன்களுக்கு நடுவே உள்ள இணைப்பின் நீளம், அவை ஒன்றையொன்று எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதெல்லாம் கணக்கில் சேரும். பிடிபி புரதத்தில் நான்கு ஆர்ஆர்எம்கள் உண்டு. மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டு, தங்கள் ஆர்என்ஏ பிடிக்கும் முகங்களை எதிரெதிர்த் திசையில் திருப்பி வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

இரட்டை இழை ஆர்என்ஏவைப் பிடிக்கும் டொமைன்களுக்கு மோட்டிஃப், அதாவது குறிப்பிட்ட எழுத்துத் தொடர், தேடுவதும் பெரும்பாலும் வீண் வேலை. அவை முக்கியமாகப் பார்ப்பது சுருளின் வடிவத்தையும் பாஸ்பேட் முதுகெலும்பையும்தான். எழுத்து வரிசை சிறிதளவு உதவலாம், அவ்வளவே.

சரி, காப்பிக்கு வருவோம். தாவரத்தை எடுத்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது பிபிஆர் புரதங்கள். மனிதரில் இவை 7 மட்டுமே. அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் ஏறத்தாழ 450. பெரும்பாலானவை பசுங்கணிகத்திலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் ஆர்என்ஏவை வெட்டவும் திருத்தவும் காக்கவும் வேலை செய்கின்றன. சுமார் 35 அமினோ அமிலங்கள் கொண்ட அலகு திரும்பத் திரும்ப வரும். ஓர் அலகு ஒரு காரத்தைப் படிக்கிறது. ஐந்தாம் இடத்தில் திரியோனினும் கடைசி இடத்தில் அஸ்பார்ட்டேட்டும் இருந்தால் குவானின் மீது நாட்டம். கடைசியில் அஸ்பராஜின் இருந்தால் அடினின். இவ்வளவு தெளிவான குறியீடு அமைவது அபூர்வம், அதனால்தான் இதில் சறுக்குவதும் எளிது. பழைய கட்டுரைகள் சிலவற்றில் இதே இடங்களுக்கு எண் ஒன்று தள்ளி இருக்கும். ஆறு என்றும், அடுத்த அலகின் முதல் இடம் என்றும் எழுதியிருப்பார்கள். எந்த எண்முறை என்று பார்க்காமல் அட்டவணையைப் பொருத்தினால் எல்லா அலகும் தப்பாகப் படிக்கப்படும்.

திசையும் அப்படித்தான். பியூஎஃப் என்ற இன்னொரு வகைப் புரதமும் அலகுக்கு ஒரு காரம் என்றே படிக்கிறது. ஆனால் அதில் முதல் அலகு ஆர்என்ஏவின் கடைசி முனையான 3 பிரைம் பக்கத்தைப் பிடிக்கிறது. பிபிஆரில் முதல் அலகு தொடக்க முனையான 5 பிரைம் பக்கம். ஒன்றின் முறையை மற்றதற்கு எடுத்தால் விடை தலைகீழாகிவிடும். அப்புறம், அராபிகாவில் கேனிஃபோரா, யூஜினியாய்டிஸ் என்று இரண்டு மூதாதை இனங்களின் ஜீனோம் சேர்ந்திருக்கிறது. ஒரே ஜீனின் இரண்டு வடிவங்களைக் கலந்து ஒரு வரிசையாக ஒட்டிவிட்டால், செடியில் இல்லாத ஒரு புரதத்தை ஆராய்ந்துகொண்டிருப்போம்.

ஆர்என்ஏ பிடிக்கும் டொமைன் எதுவும் காட்டாத புரதத்தை ஒதுக்குவதும் தவறு. இரும்புச்சத்து குறையும்போது இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் எம்ஆர்என்ஏவைப் பிடிக்கும் ஐஆர்பி1, இரும்பு நிறைய இருக்கும்போது அகோனிடேஸ் என்ற நொதியாக வேலை செய்யும் அதே புரதம்தான். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளின் படத்தில் நூல் மாதிரி தொங்கும் ஒழுங்கற்ற பகுதிகளை வெட்டி எறிவதும் அப்படியே. ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் டிடிபி-43 புரதத்தில் காணப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை ஆர்ஆர்எம்களில் இல்லை, கடைசியில் இருக்கும் அந்த ஒழுங்கற்ற வாலில் இருக்கின்றன.

ஆய்வகத்துக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பிடிப்பைக் கெடுக்க ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால், மடிப்பு நிலைத்திருக்கிறதா என்று சர்குலர் டைகுரோயிசத்தில் (ஒளியைக் கொண்டு புரத மடிப்பை அளக்கும் முறை) பாருங்கள். எஃப்எம்ஆர்பி என்ற புரதத்தின் புகழ்பெற்ற 304-வது ஐசோலூசின் மாற்றம் கேஎச் டொமைனின் மடிப்பையே தளர்த்துகிறது. பிடிப்பு மட்டும் போக வேண்டுமென்றால் கேஎச் டொமைனில் ஆர்என்ஏவைத் தொடும் ஜிஎக்ஸ்எக்ஸ்ஜி வளையத்தின் நடுவில் இரண்டு அஸ்பார்ட்டேட் வைப்பது நல்ல வழி. இரண்டாவது, ஈ.கோலையில் தயாரித்த புரதம் அந்தப் பாக்டீரியாவின் ஆர்என்ஏவையும் இழுத்துக்கொண்டு வரும். 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) சுமார் 0.6-இல் இல்லாமல் 1-ஐத் தாண்டி நின்றால், உப்புச் செறிவைக் கூட்டி மறுபடி கழுவுங்கள். அது இறங்கிய பிறகே பிடிப்பு வலிமையை அளக்கலாம்.