‘ஹெல்’ என்று காதில் விழுந்தால்: புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஐந்து படிகள்

எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த கையோடு கோலாலம்பூரில் கஸ்டமர் சர்வீஸ் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளைப் பதற வைக்கும் ஆங்கிலச் சொல் இந்த ‘ஹெல்’ (நரகம்). மறுமுனையில் ஒருவர் “வாட் த ஹெல் இஸ் திஸ் பில்?” என்றதுமே, நம்மைத்தான் சபிக்கிறார் என்று குரல் நடுங்கிவிடுகிறது. அவர் கோபமெல்லாம் பில் மேல்தான். ‘ஹெல்’ எங்கே நிற்கிறது என்று கவனித்தால் பாதி பயம் போய்விடும்.

படி 1: ‘வாட்’, ‘வேர்’, ‘ஹூ’, ‘ஒய்’ இவற்றை ஒட்டி ‘த ஹெல்’ வந்தால் அது எரிச்சல், இல்லையென்றால் ஆச்சரியம். “என்ன கருமம் இது?” என்று நாம் கேட்பதில்லையா, அதே மாதிரி. ‘த ஹெல்’லை நீக்கிப் பாருங்கள், “வாட் இஸ் திஸ் பில்?” என்ற கேள்வி மிஞ்சும். பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

படி 2: ‘அஸ் ஹெல்’ வந்தால் மலாய் ‘கிலா’வை நினைத்துக்கொள்ளுங்கள் (நேர்ப்பொருள் ‘பைத்தியம்’, பேச்சில் ‘பயங்கரமாக’). ‘பெனாட் கிலா’ என்பதும் ‘டயர்ட் அஸ் ஹெல்’ என்பதும் ஒன்றுதான் (பயங்கரக் களைப்பு), இடம்கூட மாறவில்லை. ‘ஹெல் ஆஃப் அ’ மட்டும் முன்னால் வரும். ‘ஹெல் ஆஃப் அ குக்’ என்றால் செம கைப்பக்குவம்; ‘ஹெல் ஆஃப் அ ஜாம்’ என்றால் மாலை நேர ஃபெடரல் ஹைவே நெரிசல்.

படி 3: பலரும் தடுக்கி விழும் இடம் ‘லைக் ஹெல்’. “இட் ஹர்ட்ஸ் லைக் ஹெல்” என்று கடைசியில் வந்தால், உயிர் போகிற வலி. “லைக் ஹெல் ஐ வில் பே!” என்று முதலில் வந்தால், “நானாவது கட்டுறதாவது!” என்று பொருள். ‘நோ’, ‘நாட்’ எதுவும் இல்லாததால், ‘வில் பே’ மட்டும் காதில் விழுந்து, கட்டச் சம்மதித்தார் என்று பதிவு செய்துவிடுவார்கள். இதை மட்டும் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

படி 4: சில தொடர்களை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் வழி. ‘ஃபார் த ஹெல் ஆஃப் இட்’: சும்மா, ஒரு ஜாலிக்கு. ‘ஷி கேவ் மி ஹெல்’: என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ‘வென் ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’: குதிரைக்குக் கொம்பு முளைக்கும்போது. ‘ஆல் ஹெல் ப்ரோக் லூஸ்’: ஒரே அமளி துமளி. இந்தக் கடைசித் தொடர் 1667-இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்திலேயே இருக்கிறது.

படி 5: நாமும் பேசலாமா? சம வயது நண்பர்களிடம் தாராளமாக. வாடிக்கையாளர், மேலாளர், மூத்தவர்கள் முன்னால் வேண்டாம். மின்னஞ்சலில் வேண்டவே வேண்டாம். நம்மோடு வேலை செய்யும் முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் பலருக்கு நரகம் என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம், அதை மதிக்க வேண்டும். வாய் பரபரத்தால் ‘ஹெக்’ என்று சொல்லுங்கள், காரம் குறைவு.

‘கோ டு ஹெல்’ மட்டும் நேரடி வசை. அதைக் கேட்டால் பதிலுக்குப் பேசாதீர்கள், அழைப்பை உங்கள் சூப்பர்வைசரிடம் மாற்றிவிடுங்கள்.