மும்பை – லண்டன்: தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

மாட்டுங்காவில் எங்கள் மேல்வீட்டு மாமியின் மகள் லண்டனில் இருக்கிறாள். ஜனவரியில் மாமி முதல் முறையாகக் கிளம்பினார். டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறினா சாயங்காலம் ஆறரைக்கு லண்டன்னு போட்டிருக்கே, நாலரை மணி நேரம்தானா?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூரம். பிள்ளைகளின் பூகோள உருண்டையையும் கொஞ்சம் பூ கட்டும் நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் வரைபடம் இதற்கு உதவாது. அதில் ஸ்கேல் வைத்தால் கோட்டின் நடுப்பகுதி சிரியாப் பக்கம் வரும். உருண்டையில் மும்பையில் ஒரு விரல், லண்டனில் ஒரு விரல் வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாக வடக்கே நகர்ந்து ஆர்மீனியா பக்கம் போய் நிற்கும். பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்குவழி. மாமி மூன்று தடவை இழுத்துப் பார்த்தார், மூன்று தடவையும் நூல் அங்கேயே போய் நின்றது.

இப்போது நூலை அளந்துபாருங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஏறக்குறைய 17 செ.மீ. வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ., உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. பதினேழால் பெருக்கினால் 7,200 கி.மீ. சொச்சம்.

அடுத்தது நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் 8 மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேருங்கள். போகும்போது இன்னும் கூடும். பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது, லண்டன் போகும் விமானம் அதை எதிர்த்துப் போக வேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வான்வழி மூடினாலும் சுற்றித்தான் போக வேண்டும். 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியபோது அப்படித்தான் ஆனது.

கடைசியாக டிக்கெட். அதில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். பலர் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணிதான். மாமியின் ஆறரையோடு ஐந்தரையைக் கூட்டினால் நம்மூரில் நள்ளிரவு 12. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை, பத்து மணி நேரம்.

மாமி உடனே இரண்டு வேளை மாத்திரையைத் தனியாக எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.