கொழுத்த குதிரைக்கும் கொள்ளா?

'பச்சைத் தண்ணி குடிச்சாலும் உடம்பு போடுது' என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். குதிரைகளிலும் அப்படி ஒரு ரகம் உண்டு. மட்டக்குதிரைகளும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளும் வறண்ட காட்டில் கிடைத்ததைத் தின்று பிழைத்த வம்சம். புளியந்தோப்பில் ஒரு தகரக் கொட்டகையில் கட்டிவைத்து வாளி வாளியாகத் தீனி போட்டால் ஊதாமல் என்ன செய்யும்?

என்னிடம் இருப்பது கல்யாணச் சவாரிக்கு விடும் பெண் குதிரை. சவுகார்பேட்டை வடநாட்டுக்காரர்களின் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையின் அக்கா தங்கைகள் ஊறவைத்த கடலைப்பருப்பைக் கை நிறைய ஊட்டுவார்கள். அது சம்பிரதாயம், தடுக்க முடியாது. ஆடியை ஒட்டி அவர்களுக்குச் சாதுர்மாசம் வந்துவிடும். நாலு மாதம் முகூர்த்தமே கிடையாது. குதிரைக்கு வேலை நின்றது, கொள்ளு நிற்கவில்லை. நான் செய்த முதல் தப்பு அதுதான். பார்த்தவர்கள் எல்லாம் "சும்மா கும்முனு கீதுபா" என்றார்கள், எனக்கும் பெருமைதான். தீபாவளி கழிந்து ஒரு நாள் காலையில், கொதிக்கிற தார் ரோட்டில் நடப்பதுபோல முன்னங்கால்களை எட்டி எட்டி வைத்தாள். வந்த டாக்டர் காலைப் பார்க்கும் முன்பு பிடரி மயிருக்குக் கீழே கழுத்து மேட்டைப் பிடித்துப் பார்த்தார். கொழுப்பு சேர்ந்து தேங்காய் மட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் குளம்பைத் தொட்டார், சூடாக இருந்தது.

அந்த நோய்க்குப் பெயர் லேமினைட்டிஸ். குளம்பு ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சதை மடிப்புகள் பிடிவிட ஆரம்பிக்கும். கொழுத்த குதிரைக்கு ரத்தத்தில் இன்சுலின் ஏறிக்கிடப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மாவுச்சத்தும் சர்க்கரையும் அதை இன்னும் ஏற்றிவிடும்.

'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பிக் குதிரைக்கும் கொள்ளு போடுகிறவர்கள் உண்டு. கொள்ளு ரசம் நமக்கு என்ன செய்கிறதோ தெரியாது, குதிரையை இளைக்க வைக்காது. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம். மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. ஓடி உழைக்கும் குதிரைக்கு அது நல்ல தீனி. நின்றுகொண்டே தின்கிற குதிரைக்குக் கொழுப்பு.

அடுத்து நேர் எதிரான தப்பு: பயந்துபோய்ப் பட்டினி போடுவது. குதிரையின் வயிற்றில் அமிலம் எந்நேரமும் சுரந்தபடி இருக்கும். தீனி இல்லாவிட்டால் புண் வரும். கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரெனப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் கரைந்து ஈரலைக் கெடுத்து, உயிருக்கே உலை வைக்கும். இளைக்க வேண்டிய குதிரைக்கும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தீனி, ஈரம் கழித்த கணக்கில், தினமும் உள்ளே போக வேண்டும். எடை மேடை வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவு, மார்பு முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். என் குதிரைக்குச் சுற்றளவு 176, நீளம் 150. எடை 391 கிலோ. அப்படியானால் ஒரு நாளைக்கு ஈரம் கழித்து 6 கிலோ: காய்ந்த புல் என்றால் ஆறரை, பச்சை நேப்பியர் புல் என்றால் 30 கிலோ. கட்டுக் கணக்கில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, தராசில் வைத்த அன்றுதான் எவ்வளவு கூடுதல் என்று புரிந்தது. பொடிக்கண் வலைப்பையில் போட்டால் அதே புல்லை மெதுவாகத் தின்னும்.

கொள்ளை நிறுத்தியவர்கள் 'லேசானது' என்று தவிட்டுக்கு மாறுவார்கள். மேலுக்குத் தெரியாத ஆபத்து இதில்தான். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். நம்மூரில் போடும் நேப்பியர் புல்லிலோ ஆக்சலேட் இருக்கிறது. அது புல்லில் உள்ள கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கும். தாடையும் முகமும் பெருக்கும், காரணம் தெரியாமல் நொண்டும். வெளியே பார்த்தால் கொழுகொழு, உள்ளே எலும்பு பஞ்சு. வைக்கோலையே முழுத் தீனியாக்குவதும் வேண்டாம். சத்தும் இல்லை, குடலிலும் அடைக்கும்.

ஆகவே தீனியைக் குறைக்கும்போது தாது உப்பைக் குறைக்கக் கூடாது. குதிரைக்கென்றே வரும் தாதுக் கலவை, தினம் 20, 25 கிராம் உப்பு, காய்ந்த புல் மட்டுமே தின்றால் வைட்டமின் ஈ. இவ்வளவு போதும். நாலு டானிக்கை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் செலினியம் என்ற தாது இருந்தால் கூடிப்போய்ப் பிடரியும் வாலும் கொட்டும், குளம்பு வெடிக்கும். வெல்லப்பாகு ருசிக்காகச் சேர்த்த டானிக் கொழுத்ததற்கு ஆகாது. கோழித்தீவனம் மட்டும் கொட்டகைக்குள்ளேயே வரக் கூடாது. மொனென்சின் என்ற மருந்து அதில் கலந்திருக்கலாம். கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். மாட்டுத் தீவனத்திலும் அது வரலாம், மூட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

கரும்பு, பிஸ்கட், வெல்லம்: பிள்ளைகள் ஆசைக்கு ஒரு கேரட் துண்டோடு நிறுத்துங்கள். காய்ந்த புல்லை அரை மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சர்க்கரை கொஞ்சம் குறையும். நம் வெயிலில் மணிக்கணக்கில் ஊறினால் புளித்துவிடும். குளம்பு சூடாக இருக்கும்போது 'நடந்தா எளைக்கும்' என்று ஓட்டாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காட்டிவிட்டு, அவர்கள் சொன்ன பிறகு நடத்துங்கள்.

கொட்டகைச் சுவரில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாக்பீஸால் சுற்றளவை எழுதிவைக்கிறேன். போன வாரம் 170. பக்கத்துக் கொட்டகைப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, குதிர இப்டி எளச்சிப்போச்சே, கொஞ்சம் கொள்ளு போடக்கூடாதா?" என்றார்.