சக்காராவில் தொடங்குங்கள்: பிரமிடுகளை ஒரே நாளில் வரிசையாகப் பார்ப்பது எப்படி

எகிப்தின் கெய்ரோவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகக் கீசாவுக்கு ஓடிவிடுகிறார்கள். பெரிய பிரமிடு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, பார்த்தாச்சு என்று மற்ற இடங்களை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை. முதலில் சக்காரா, அடுத்து தஹ்ஷூர், கடைசியில் கீசா என்று கட்டப்பட்ட வரிசையில் போய்ப் பாருங்கள். சுமார் நூறு ஆண்டுகளில் மனிதர்கள் கல்லில் கட்டக் கற்றுக்கொண்ட விதம் ஒரே பகலில் புரிந்துவிடும். பாதையும் இதற்குத் தோதானது. காலையில் தெற்கே போய்விட்டு, மாலையில் நகரத்தை நோக்கித் திரும்பி வருகிறோம்.

1. ஆள் சேர்த்து வண்டி பேசுங்கள்

தஹ்ஷூருக்குப் பொதுப் பேருந்தை நம்பிப் போக முடியாது. தங்கும் விடுதியில் முந்தின நாள் மாலையே கேட்டுப் பார்த்தால் கூட வர ஆள் கிடைப்பார்கள். நாலு பேர் என்றால் கார், ஆறேழு பேர் என்றால் வேன்.

ஓட்டுநரிடம் வாயால் பேசியது போதாது. மூன்று இடங்களின் பெயர், நாள் முழுக்கக் காத்திருப்பது, மொத்தத் தொகை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் சரி வாங்குங்கள். தொகை வண்டிக்கா, தலைக்கா என்பதும் அதில் இருக்க வேண்டும். 'பப்பிரஸ் (நாணல்தாள்) கடை, அத்தர் கடை வேண்டாம்' என்றும் சேர்த்துவிடுங்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொரு கடையிலும் அரை மணி, ஒரு மணி போய்விடும்.

அப்புறம் கூட வருகிறவர்களிடம் ஒரு பேச்சு. யார் உள்ளே இறங்குவார்கள், யார் வெளியே இருப்பார்கள்? முட்டிவலி, மூச்சிரைப்பு, குறுகிய இடம் என்றால் பயம் இருக்கிறவர்கள் அதை வண்டியிலேயே சொல்லிவிட்டால் அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டாம். வண்டிக் கூலியைச் சமமாகப் பிரியுங்கள், நுழைவுச்சீட்டை அவரவர் வாங்கட்டும்.

2. எப்போது, எதை எடுத்துக்கொண்டு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வசந்தத்தில் கம்சீன் என்ற சூடான புழுதிக்காற்று அடிக்கும். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு ஒரு துண்டு, மூடிய செருப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வங்கி அட்டை கட்டாயம். பல இடங்களில் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை. மூன்று இடங்களுமே மாலையில் சீக்கிரம் மூடிவிடுவதால், காலை 7 மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

3. சக்காரா: கல்லின் அளவைப் பாருங்கள்

நாள் முழுக்க மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: கல்லின் அளவு, சுவரின் சாய்வு, அறையின் கூரை. இந்த மூன்றையும் தொடர்ந்து பார்த்தாலே வழிகாட்டி இல்லாமல் பாதி புரியும்.

ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2650ஐச் சேர்ந்தது. உயரம் சுமார் 62 மீட்டர், ஆறு அடுக்கு. கட்டியவர் இம்ஹோதெப் என்பது மரபு. முதலில் தட்டையான கல்லறையாகத் தொடங்கி, நாலு அடுக்காகி, பிறகு ஆறானது. பக்கத்தில் போய்ப் பாருங்கள், கற்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அதுவரை மண்செங்கல்லில் பழகிய கைகள், கல்லையும் செங்கல் அளவுக்கே வெட்டியிருக்கின்றன.

நுழைவாயில் தூண்வரிசையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். நாணல் கட்டுப்போலச் செதுக்கிய தூண்கள் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குட்டிச்சுவரால் பக்கச்சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கல் தூண் தனியாகக் கூரையைத் தாங்குமா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அந்தத் தயக்கத்தைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கிறோம். எனக்குச் சக்காராவிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

நேரமிருந்தால் உனாஸ் மன்னனின் பிரமிடுக்குள் இறங்குங்கள். அறைச்சுவர் முழுக்க எழுத்து, கூரை முழுக்க நட்சத்திரம்.

4. தஹ்ஷூர்: சாய்வு, கூரை

வண்டியில் அரை மணிக்குள் வந்துவிடலாம். கூட்டம் குறைவு. இங்குள்ள இரண்டு பெரிய பிரமிடுகளும் ஸ்னெஃபெரு என்ற ஒரே மன்னனுடையவை, இரண்டுமே சுமார் 105 மீட்டர்.

வளைந்த பிரமிடின் கீழ்ப்பகுதி சுமார் 54 பாகையில் ஏறி, நடுவில் திடீரென்று 43க்குத் தணிகிறது. கட்டும்போதே விரிசல் கண்டதால் சாய்வைக் குறைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். வழவழப்பான மேற்பூச்சுக் கற்கள் பெரும்பகுதி இன்னும் இதில் ஒட்டியிருக்கின்றன. மற்றப் பெரிய பிரமிடுகளும் ஒரு காலத்தில் எப்படி இருந்தன என்பதை இங்கேதான் ஊகிக்க முடியும்.

அடுத்தது சிவப்புப் பிரமிடு. இதை அடியிலிருந்தே 43 பாகையில் எழுப்பினார்கள். உள்ளே போக முதலில் வெளிப்புறப் படிகளில் வாசல் வரை ஏற வேண்டும். அங்கிருந்து சுமார் 60 மீட்டர் நீளச் சரிவுப்பாதை. உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், நிமிர முடியாது. ஏணியில் இறங்குவதுபோல முகத்தை வாசல் பக்கம் வைத்துப் பின்னோக்கி இறங்குங்கள். இரண்டு கையும் கைப்பிடியில், கால் தரையில் போட்ட பலகையின் குறுக்குச் சட்டத்தில். முதுகில் பை வேண்டாம், உரசும். அடியில் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், அதற்குத்தான் அந்தத் துண்டு. ஒருவர் இறங்கி முடித்த பிறகு அடுத்தவர் என்று போனால் நெரிசல் இல்லை.

கீழே அறைக்குள் போனதும் நிமிர்ந்து மேலே பாருங்கள். கல்லை அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நீட்டி, 12 மீட்டர் உயரத்தில் சேர்த்திருக்கிறார்கள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சுவரில் கைவைத்து இரண்டு கல்லுக்கு நடுவே நகம் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை. இந்தக் கூரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் தேவைப்படும்.

5. சாப்பாடு

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். கொஷரி கிடைக்கும்: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, மேலே பொரித்த வெங்காயம். தஅமியா நம்ம மசால் வடைக்குப் பங்காளி.

6. கீசா

இப்போது பெரிய பிரமிடு, அதாவது கூஃபு மன்னனின் பிரமிடு, வேறு மாதிரித் தெரியும். செங்கல் அளவுக் கல் போய், சராசரியாக இரண்டரை டன் பாறை வந்துவிட்டது. ஸ்னெஃபெரு கைவிட்ட செங்குத்தான சாய்வை அவன் மகன் கூஃபு கிட்டத்தட்ட 52 பாகையில் 146 மீட்டர் வரை கொண்டுபோய்விட்டான். இன்று நிற்பது சுமார் 138 மீட்டர்.

உள்ளே போகத் தனிச்சீட்டு, விலை அதிகம். காசு கட்டுப்படியானால் போங்கள் என்பேன். பெருங்கூடத்தில், தஹ்ஷூரில் பார்த்த அதே உள்நீட்டிய கூரை 47 மீட்டர் நீளத்துக்கு ஏறிப் போகிறது.

அங்கேயே உள்ள காஃப்ரே மன்னனின் பிரமிடு உயரமாகத் தோன்றுவது மேட்டில் நிற்பதால்தான். அதன் உச்சியில் மேற்பூச்சு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்ஃபிங்ஸ் சிலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டகக்காரர்கள் விடாமல் கூப்பிடுவார்கள். 'லா, ஷுக்ரன்' (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போங்கள். புண்ணோடு நிற்கும் விலங்குகளை அங்கே பார்க்கலாம், அதனால் சவாரி வேண்டாம் என்பது என் கருத்து.

கீசாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் உண்டு. எந்த வாசலில் எத்தனை மணிக்குக் காத்திருக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் இறங்கும்போதே சொல்லி, குழுவிலும் அதே இடத்தைப் பகிர்ந்துவிடுங்கள்.