இருக்கிற ஸ்பீக்கருக்கு ரிசீவர் வாங்கப் போகிறீர்களா? மலைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

பழைய ஹோம் தியேட்டரில் முதலில் கண்ணை மூடுவது பெரும்பாலும் ரிசீவர்தான், அதாவது டிவி, பிளேயரின் சத்தத்தை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. ஸ்பீக்கர்கள் இன்னும் பத்து வருஷம் பாடும் நிலையில் இருக்கும். அவற்றுக்கு மட்டும் ஒரு ரிசீவர் வாங்கலாம் என்று ஊட்டியிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ கீழே கோவைக்கு இறங்குகிறவர்கள், கடையில் எந்தப் பெட்டியில் வாட் எண் பெரிதாக இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிடுகிறார்கள். வீட்டில் மாட்டிய பிறகுதான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று தெரிகிறது. மாற்றுவதற்கு மறுபடி ஒரு நாள், மறுபடி கொண்டை ஊசி வளைவுகள்.

ரிசீவரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஸ்பீக்கரைத் திருப்பி, பின்பக்கத்தைப் படியுங்கள். முக்கால்வாசித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

ஓம் பார்க்காமல் வாங்குவது

பின்னால் உள்ள ஸ்டிக்கரில் 8, 6, 4 என்று ஏதாவது ஒரு ஓம் (மின்தடை) கணக்கு இருக்கும். மலை ஈரத்தில் ஸ்டிக்கர் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை எடுத்து, ஒயரைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளிலும் வைத்து அளக்கலாம். மீட்டர் காட்டும் எண் பொதுவாக ஸ்டிக்கர் எண்ணைவிடக் குறைவாகத்தான் வரும். 5.5 முதல் 7 வரை வந்தால் 8 ஓம் ஸ்பீக்கர், 4.5 பக்கம் வந்தால் 6 ஓம், 3 முதல் 3.5 வந்தால் 4 ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் உஷார்.

அப்படிக் கீழே போகிறவை பெரும்பாலும் டிவிடி பிளேயரோடு ஒரே பெட்டியில் வந்த பழைய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்) செட் ஸ்பீக்கர்கள். அவற்றில் பல 3 ஓம். அந்தப் பெட்டிக்குள் இருந்த ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பகுதி), அந்த 3 ஓமுக்காகவே செய்யப்பட்டது. தனியாக விற்கும் ரிசீவர்களின் பின்பக்கத்தில் ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் ‘6–16 ஓம்’ அல்லது ‘4–16 ஓம்’ என்றுதான் அச்சிட்டிருக்கும்.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிலேயே பார்க்கலாம். ரிசீவர் 20 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும். அது 50 வாட். அதே 20 வோல்ட்டுக்கு 3 ஓம் ஸ்பீக்கர் 6.7 ஆம்பியர் இழுக்கும், 133 வாட். ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து இப்படி இழுத்தால் ரிசீவர் கொதிக்கும். வசனக் காட்சிகள் ஒழுங்காக ஓடும். கிளைமாக்ஸ் சண்டையில் ‘டக்’ என்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் வேலை செய்யும், அடுத்த வெடிச் சத்தத்தில் மறுபடி அணையும். ரிசீவர் பழுது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால் அங்கே அது நன்றாகவே ஓடும், ஏனென்றால் அங்கே உங்கள் ஸ்பீக்கர் இல்லை.

மெனுவில் 4 ஓம் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த அமைப்பு பெரும்பாலும் ஆம்ப்பின் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். கரென்ட் கொடுக்கும் திறனை அது கூட்டாது. 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தால் முதலிலேயே 4 ஓமுக்குப் பொறுப்பேற்கிற ரிசீவரை வாங்குவதுதான் வழி. 3 ஓம் சின்னப் பெட்டிகள் மட்டும்தான் கையில் இருக்கின்றன என்றால், அவற்றைக் காப்பாற்ற நல்ல ரிசீவருக்குப் பணம் போடுவது எங்கள் கணக்கில் வீண்.

இதே பிழை வேறு வேஷத்திலும் வரும். ஹாலில் ஒரு ஜோடி, வராந்தாவில் ஒரு ஜோடி, இரண்டையும் ஒரே முனையில் சேர்த்துக் கட்டுவது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 6 ஓம் சேர்ந்தால் 3.

சப்வூஃபரை மறப்பது

அந்தப் பழைய செட்டின் சப்வூஃபரில் கரென்ட் பிளக் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குள் ஆம்ப் இல்லை. புது ரிசீவரின் பின்னால் ‘சப் அவுட்’ என்று இருக்கும் ஒற்றை ஆர்சிஏ துளையில் சிக்னல் மட்டும்தான் வரும், ஸ்பீக்கரை அசைக்கிற சக்தி வராது. அதற்குத் தனி ஆம்ப் வேண்டும், அல்லது ஆம்ப் உள்ள சப்வூஃபராக மாற்ற வேண்டும். ‘எப்படியாவது சத்தம் வந்தால் போதும்’ என்று முன் ஸ்பீக்கர் ஒயரிலேயே சப்பையும் முறுக்கிவிடுவது, மேலே சொன்ன ஓம் கணக்கில் போய் விழும்.

இதற்கு நேர்மாறானது கம்ப்யூட்டருக்கு வாங்கிய 5.1 செட். அதில் ஆம்ப் சப்வூஃபருக்குள்ளேயே இருக்கிறது. அதன் உள்ளீட்டில் ரிசீவரின் ஸ்பீக்கர் முனையைக் கொண்டுபோய்ச் சொருகினால் அது தாங்காது.

பெட்டி மேல் எழுதிய வாட்டை நம்புவது

‘ஒரு சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கான வழிக்கு) 150 வாட்’ என்று அட்டைப் பெட்டியில் இருந்தால், கையேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு, ஒரே சேனல் ஓட்டம் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 10 சதவீதச் சிதைவு என்றால் காது கூசும். ஒப்பிடத் தகுந்த வரி வேறு: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்குக் கீழே சிதைவு, இரண்டு சேனல். அந்த வரியில் அதே ரிசீவர் 70, 80 வாட்டுக்கு இறங்கி வந்து நிற்கும். இரண்டு பிராண்டை ஒப்பிடுவதென்றால் இந்த வரியை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள்.

அந்த 80 போதுமா என்று சொல்வது ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. 87 டெசிபெல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபெல் கேட்கும் என்று பொருள். (2.83 வோல்ட்டுக்கு என்று எழுதியிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட் அல்ல, 2 வாட். அதில் 3 டெசிபெல் கழித்துப் படியுங்கள்.) 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் சாதாரண அறையில் சுமார் 6 டெசிபெல் குறைந்து 81 ஆகும்.

ஊட்டியில் இன்னும் கொஞ்சம் குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஸ்பீக்கரின் அசையும் கூம்பான கோன் அதே அளவு அசைந்தாலும் தள்ளுவதற்குக் காற்று குறைவு. கணக்குப் போட்டால் 2 டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவான இழப்பு. ஆக 79 என்று வைத்துக்கொள்ளலாம். கோவைக் கடையில் கேட்ட அதே சத்தத்துக்கு மேலே ஒன்றரை மடங்கு வாட் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, ரிமோட்டில் ரெண்டு தட்டு.

80 வாட் என்பது 1 வாட்டைவிட 19 டெசிபெல் மேல். ஆக அந்த சோபாவில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து 98 டெசிபெல் வரை உச்சம் கிடைக்கும். வீட்டில் வழக்கமாகப் படம் பார்ப்பது 70, 75 டெசிபெல்லில். அதற்கு அரை வாட்கூடத் தேவைப்படாது. 80 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் இடையே வித்தியாசம் 1 டெசிபெல்தான். அந்த ஒரு டெசிபெல்லுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தை சப்வூஃபரில் போட்டால் அறை அதிரும். 83, 84 டெசிபெல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர், பெரிய பங்களா ஹால், 4 ஓம் என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் கனமான ரிசீவர் தேடுங்கள்.

சேனல் எண்ணிக்கையில் மயங்குவது

கையில் இருப்பது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்பும் என்றால் ஒன்பது சேனல் ரிசீவர் எதற்கு? பின்னால் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் தரும் முறை) சேர்க்கும் எண்ணம் நிஜமாகவே இருந்தால் ஏழு சேனல் போதும், 5.1.2 ஆகும், கடைசி 2 மேல் ஸ்பீக்கர்கள். ஆனால் மேல்நோக்கிப் பாடி, கூரையில் பட்டுத் திரும்பும் வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை வேண்டும், 8 முதல் 12 அடி உயரத்துக்குள். குன்னூர், கொடைக்கானல் பழைய பங்களாக்களின் உயரமான சரிவுக் கூரையில் பட்ட சத்தம் எங்கேயோ போகும், உங்களிடம் வராது. எஸ்டேட் வீட்டுத் தகரக் கூரைக்கும் அதே கதைதான். அங்கே வேண்டுமானால் ஸ்பீக்கரையே மேலே மாட்ட வேண்டும்.

எச்டிஎம்ஐ விஷயத்தில் ஒன்று மட்டும் பாருங்கள்: டிவியிலும் ரிசீவரிலும் இ-ஆர்க் இருந்தால் டிவியின் சத்தம் முழுத் தரத்தில் ரிசீவருக்கு வரும்; வெறும் ஆர்க் என்றால் சுருக்கிய வடிவில் வரும். ஓடிடி பார்க்க ஆர்க்கே போதும். 8கே என்று ஒட்டியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

குளிர்தானே என்று அலமாரிக்குள் அடைப்பது

மலையில் ரிசீவருக்குச் சூடே வராது என்று நினைப்பது தப்பு. காற்று மெலிந்திருப்பதால் அது சூட்டைச் சுமந்து போவதும் குறைவு. பல மின்சாதனக் கையேடுகளில் 2,000 மீட்டர் உயரம் வரை என்றே வரம்பு போட்டிருப்பார்கள். ஊட்டி அதற்கு மேலே இருக்கிறது. ஜன்னல் திறந்த அறையில் குளிர் இதை ஈடுகட்டிவிடும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ஈடுகட்டாது. ரிசீவரின் மேலே குறைந்தது 10 செ.மீ. இடம் விடுங்கள், அலமாரியின் பின்பலகையைக் கழற்றுங்கள், அதன் தலையில் செட்டாப் பாக்ஸை வைக்காதீர்கள்.

ஈரம் வேறு தொல்லை. மூடுபனி மாதங்களில் ஸ்பீக்கர் ஒயரின் செம்பு பச்சை பூத்துவிடும். நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்கினால் கரகரப்பு போகும். குளிரில் கிடந்த ரிசீவரைக் கணப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் போடுங்கள், உள்ளே நீர் கோத்திருக்கும்.

ஏப்ரல், மே கோடை மழையிலும் அக்டோபர் இடியிலும் ரிசீவரின் பிளக்கை மட்டும் பிடுங்குவது அரை வேலை. மின்னல் டிஷ் ஒயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குள் நுழையும். ஆம்ப் நன்றாக இருக்கும், எச்டிஎம்ஐ போர்டு மட்டும் போய்விடும். டிஷ் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ரிசீவர் என்றால் பின்னால் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகவே கூடாது.

ஒயரிலும் செட்டிங்கிலும் கோட்டை விடுவது

10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் போக வர 0.24 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 3 சதவீதம், பரவாயில்லை. 4 ஓமுக்கு 6 சதவீதம், அங்கே 2.5 போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் ஒயரைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை ஒன்றரை மடங்குக்கு மேல். எந்த முனை பிளஸ் என்று தெரியாத பழைய ஸ்பீக்கருக்கு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

கடைசியாக, ரிசீவர் ஸ்பீக்கர்களை அறைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வதற்காக மைக் வைத்து அறையை அளக்கும் வேலை. தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். வெளிச் சத்தம் அதிகம் என்று பல ரிசீவர்கள் பாதியில் நிறுத்திவிடும். நிறுத்தாமல் அளந்தாலும் கணக்கு பிசகும். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை விட்ட ஒரு அரை மணி நேரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். மைக்கை சோபாவின் மேல் போடாமல், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். அளந்து முடிந்ததும் மெனுவுக்குப் போய்ப் பாருங்கள்: பல நேரம் சின்ன ஸ்பீக்கரைக்கூட ‘லார்ஜ்’ என்று எடுத்திருக்கும். அதை ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை (அடிச் சத்தம் சப்புக்குப் பிரியும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி என்றால் 120, 150 வரை ஏற்றலாம்.