கோரிப்பாளையம் மட்டும் திறக்கவில்லை: என் அனுபவம்

மதுரையில் ஒரு அச்சகத்துக்குச் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து, அதே பெயருள்ள கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறக்க வேண்டும். தமிழ்ப் பெயரெல்லாம் ‘?????’ என்று வந்தது. திறக்கப் போனால் பிழை எண் 123, அதாவது ஃபைல் பெயர் செல்லாது.

எழுத்துருவை மாற்றினேன், விண்டோஸில் மொழி அமைப்பை மாற்றினேன். மூன்று நாள் வீண். கடைசியில் பார்த்தால், நான் கூப்பிட்டது விண்டோஸ் தரும் ஃபங்ஷன்களில் பெயர் ‘ஏ’ (A) என்று முடிபவற்றை. அவை ஃபைல் பெயரைப் பழைய கோட் பேஜுக்கு, அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் பழைய அட்டவணைக்கு மாற்றும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு கோட் பேஜே கிடையாது. ‘டபிள்யூ’ (W) என்று முடிபவற்றுக்கு மாறி, யூடிஎஃப்-8 பட்டியலை அவை கேட்கும் யூடிஎஃப்-16 ஆக்கிக் கொடுத்தேன்; இரண்டும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடை எழுதும் முறைகள். திறந்துவிட்டது.

‘கோரிப்பாளையம்’ என்ற பெயருள்ள ஃபைலுக்கு மட்டும் பிழை எண் 2, அதாவது ஃபைல் இல்லை. ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது. எழுத்தெழுத்தாகக் குறியெண்ணை அச்சிட்டேன். பட்டியலில் ‘கோ’வுக்கு இரண்டு எண், டிஸ்க்கில் மூன்று: க, இரட்டைக் கொம்பு, கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காது.

இரண்டு பெயரையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றி ஒப்பிட்டேன். ஆனால் திறக்கும்போது டிஸ்க்கில் இருந்த பெயரையே அப்படியே கொடுக்க வேண்டும். மாற்றிய பெயரைக் கொடுத்தால் மறுபடியும் 2 தான். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.