சின்னத் தீவுதானே என்று நினைத்து வராதீர்கள்: இலங்கையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

திருச்சியிலிருந்து சித்தப்பா குடும்பம் மாத்தளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். ஐந்து நாளில் கொழும்பு, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம். "இவ்வளவும் முடியாது சித்தப்பா" என்றேன். "சின்னத் தீவுதானேப்பா" என்றார். திரும்பிப் போகும்போது சித்தி சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது: "எந்த இடத்துலயும் கொஞ்ச நேரம் உட்காரவே இல்லையே."

இங்கே வருபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகள் அந்த "சின்னத் தீவுதானே" என்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சரிபாதி. நடுவில் மலை. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறிப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஐந்து நாள்தான் இருக்கிறதென்றால் மலைநாட்டையும் சிகிரியாவையும் பாருங்கள். இல்லையென்றால் திருகோணமலையும் யாழ்ப்பாணமும். மிச்சத்துக்கு இன்னொரு தடவை வரலாம்.

அடுத்தது மழை. "இலங்கையில் எப்போ மழை இல்லை?" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் தீவின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பது அதைத்தான். அப்போது தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும், மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். அதே நாட்களில் கிழக்கில் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்குடா எல்லாம் வெயிலோடு கண்ணாடி போல இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கும் வடக்கும் நனையத் தொடங்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்குக் கரை அழகு.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் பலர் அப்போது தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவுக்குத் திமிங்கிலம் பார்க்கப் போய், அலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மே மாதம் வந்தால் கிழக்கே போங்கள், திருகோணமலைக் கடலிலும் திமிங்கிலம் உண்டு. ஆதாம் சிகரம் என்றும் சொல்லும் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகவும் காலம் இருக்கிறது. டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடியும். மற்ற மாதங்களில் படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க் கடைகள் மூடிக் கிடக்கும். 2,243 மீட்டர் உயர மலையை இருட்டில், மழையில், தனியாக ஏற வேண்டாம்.

ஊர்ப்பெயரிலும் தடுமாற்றம் வரும். கொழும்புப் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "நுவர, நுவர" என்று கூவுவார். நுவரெலியா என்று நினைத்து ஏறிவிடாதீர்கள், சிங்களத்தில் நுவர என்றால் கண்டி. யாழ்ப்பாணம் சிங்களவர்களுக்கு யாப்பனய, மட்டக்களப்பு மடகலபுவ. பெயர்ப்பலகையில் பெரும்பாலும் தமிழும் இருக்கும், ஏறுமுன் அதைப் பாருங்கள்.

இப்போது ஹோர்ட்டன் சமவெளி. எனக்கு இந்த நாட்டிலேயே மிகப் பிடித்த இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2,100 மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் புல்வெளி அது. மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் ஊற்று அந்த மண்ணில்தான். பலர் நுவரெலியா விடுதியில் நிதானமாகக் காலை உணவை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு வந்து சேர்கிறார்கள். 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்றால் அவர்களுக்குத் தெரிவது வெள்ளைச் சுவர் மட்டும். ஒருமுறை காலை ஏழரைக்கு நாங்கள் அங்கே நின்றோம். காலடியில் எண்ணூறு மீட்டருக்கு மேல் ஆழம். கீழே தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரையில் வெயில் மின்னியது, தூரத்தில் ஒரு குளம். ஒன்பதரைக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி புகை போல எழுந்து வந்தது. முதலில் குளம் போனது, பிறகு கூரைகள், கடைசியில் பக்கத்து மரமும் தெரியவில்லை. ஆகவே விடிவதற்கு முன்பே புறப்படுங்கள். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், நல்ல சப்பாத்தும் கம்பளிச் சட்டையும் கட்டாயம்.

நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட உரித்து எடுத்துவிட்டுத்தான் தருவார்கள், பிஸ்கட் உறையையும் விடமாட்டார்கள். சிலர் அவர்களோடு சண்டை பிடிக்கிறார்கள். மனம் வலிக்கிறது. மரை என்று நாங்கள் சொல்லும் கடமான் அங்கே மனிதருக்குப் பழகிப்போய்ப் பக்கத்திலேயே வந்து நிற்கும். உணவு மணக்கும் உறையை அது உறையோடு சேர்த்துத் தின்றுவிடும். அதனால் கையால் எதையும் ஊட்டவும் வேண்டாம்.

மலை ரயிலில் படியில் தொங்கிப் படம் எடுக்கும் பழக்கத்தை எப்படிச் சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. பாறைச் சுவரும் சுரங்கமும் பெட்டியை உரசுவது போல வரும். உயிர்கள் போயிருக்கின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாலே தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் அழகாகத் தெரியும். அருவிக் குளியலும் அப்படித்தான். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் வெள்ளமாக இறங்கிவிடும். உள்ளூர்க்காரர் யாரும் இறங்காத தண்ணீரில் இறங்காதீர்கள். சிகிரியாவில் குளவிக் கூடுகள் இருக்கின்றன, அமைதியாக இருக்கச் சொல்லும் பலகையை மதியுங்கள்.

பௌத்தத் தலங்களில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது பெரிய அவமரியாதை. நம் ஆட்கள் தெரியாமல்தான் செய்கிறார்கள். சிலையைப் பார்த்தபடி நின்று வணங்குங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். அநுராதபுரத்தில் நண்பகல் கல் கொதிக்கும், காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம். யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பௌர்ணமி, அதாவது போயா நாளில் நாடு முழுக்க விடுமுறை, ரயிலும் பேருந்தும் நிறைந்து வழியும், மதுக்கடைகள் பூட்டியிருக்கும்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் கரையோரம் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். நீந்திக் களைத்ததும் காலை ஊன்றத் தோன்றும். ஊன்றாதீர்கள். காலடியில் கல் போலக் கிடப்பது முருகைக்கல், அதாவது உயிருள்ள பவளப்பாறை. ஒரு மிதியில் நொறுங்குவது மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும். மணலுக்கு நீந்தி வந்து நில்லுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், தன் போக்கில் திரியும் குதிரைகள், பெருத்த அடியுள்ள பெருக்குமரம் என்று பார்க்க ஏராளம் இருக்கிறது, நேரம் போவதே தெரியாது. படகில் ஏறும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று படகுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள்.